சாட்சி: சின்னப்பன், வயது இருபத்து நான்கு

மின்விசிறி போடக்கூடாது இந்த அறையில்.
போட்டால் 1867 பறக்கும்.
வியர்த்தபடியே படிக்கிறேன்
குவாதலூப் தீவின் கப்பஸ்தேரிலிருந்து வந்த கடிதத்தை.
எழுதியவர் ஒதேத் சினாப்பா, ஓய்வுபெற்ற செவிலி,
வயது எழுபத்தாறு.
பிரெஞ்சில் மூன்று பக்கம்.
தமிழில் ஒரே ஒரு சொல், யாரையோ கேட்டு வரைந்த வணக்கம்.
ணகரத்தில் ஒரு சுழி அதிகம்.

கேட்பது இவ்வளவுதான்:
சினாப்பா, குத்தியின் மகன், வயது இருபத்து நான்கு,
ஊர் கூனிசாம்பே,
1867 ஜூலையில் புதுச்சேரியில் கப்பலேறியவர்.
அவருடைய தாயின் பெயர் வேண்டும்.
முடிந்தால், வீடு இருந்த தெரு.

கூனிச்சம்பட்டைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆனது.
குத்தி, குட்டி. அது சுலபம்.
பிரெஞ்சுப் பேனாவில் நம் டகரம்
விழுந்ததெல்லாம் தகரம்.

நான் குறை சொல்லக்கூடாது.
என் வம்சமே ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொடங்கியது.
என்ன குடும்பப்பெயர் வைத்துக்கொள்கிறாய் என்று
வரிசையில் நிறுத்திக் கேட்டார்களாம் முப்பாட்டனை.
அவரோ எமகண்டம் தாண்டிவிட்டதா எனத் தெரிந்துகொள்ள
பக்கத்து ஆளிடம் கிழமை கேட்டுக்கொண்டிருந்தார்.
மார்தி என்றான் அவன்.
எழுதிவிட்டார்கள்.
எர்னெஸ்தின் மார்தி, பதிவறை எழுத்தர், இருபத்தொரு வருட சர்வீஸ்.

கட்டை அவிழ்த்தேன்.
அட்டையில் நுழைந்த இராமபாணம்
ஒரு பிறப்பைத் துளைத்து, ஒரு கல்யாணத்தைத் துளைத்து,
காலராவில் போன பதினொரு பேரைத் துளைத்து
நேராகப் போயிருக்கிறது.
சாதியைத் தவறாமல் எழுதிய காலத்தில்
சாதி பாராமல் சாப்பிட்ட ஒரே ஜீவன்.

சின்னப்பன் பிறந்ததை யாரும் எழுதிவைக்கவில்லை.
ஆனால் அதே வருடம் அக்டோபர் பதினான்கு,
நூற்றுப் பன்னிரண்டாம் பதிவு:
பெண் குழந்தை, அஞ்சலை.
தாய் பட்டம்மாள், கூலி.
தகப்பன் சடையன், ஊரில் இல்லை.
முதல் சாட்சி சின்னப்பன், குட்டியின் மகன்,
வயது இருபத்து நான்கு, கூனிச்சம்பட்டு,
கையெழுத்துத் தெரியாது, கீறல்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஜூலையில் கடலேறியவன்
அக்டோபரில் மண்ணாடிப்பட்டு வரை நடந்திருக்கிறான்
அடுத்தவன் பிள்ளைக்குச் சாட்சி சொல்ல.

கடனா, அடிதடியா, கங்காணியிடம் வாங்கிய முன்பணமா,
தெரியவில்லை.
பதிவேட்டில் காரணத்துக்கு இடமில்லை.
ஒருத்தன் பெயரை இன்னொருத்தன்
சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு போயிருக்கிறான்.
கொடுத்தவனும் அதே சட்டையில்
இங்கே நின்று கீறியிருக்கிறான், அழுத்தி.
தாளின் பின்புறம் விரலுக்குத் தட்டுப்படுகிறது.
மனசு உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.
பேனா மொட்டையாகவும் இருந்திருக்கலாம்.

அம்மா ஒதேத், நீங்கள் சினாப்பா இல்லை போலிருக்கிறது.
இதை எப்படி எழுதுவது?
பதில் படிவத்தில் இரண்டே கட்டம்:
கிடைத்தது. கிடைக்கவில்லை.
தாயின் பெயரைக் கேட்டவருக்கு
நான் தரக்கூடியது அஞ்சலையை,
தகப்பனைப் பார்க்காத ஒரு பெண்ணை,
அதையும் நிரூபிக்க வழியில்லாமல்.

நகல் எடுத்தேன்.
தகப்பன் பெயருக்கும் சாட்சியின் கீறலுக்கும் நடுவே
பூச்சி போன ஓட்டை கறுப்புப் புள்ளியாக விழுந்திருக்கிறது.
நகலைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை.
முத்திரை குத்தினேன்.
கட்டம் இரண்டையும் காலியாக விட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:

சடையன் என்று உங்கள் வீட்டில்
யாராவது, எப்போதாவது,
தூக்கத்திலாவது
சொன்னதுண்டா?