கையுறைப் பட்டை

அங்கே சனிக்கிழமை மாலை.
இங்கே ஞாயிறு இன்னும் விடியவில்லை.
மாரத்தஹள்ளியில் ஐந்தாவது மாடி,
ஏசிக் குளிருக்குச் சால்வை போர்த்திய பதினோரு பேர்.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயர்.
உதைப்பது அபூர்வம்.
அந்த முட்டைப் பந்தை நான் தொட்டதில்லை,
தொட்டவர் யாரையும் நேரில் பார்த்ததுமில்லை.
ஆனாலும் எண்பத்து மூன்றாம் எண்ணுக்காரன்
ஓடிக்கொண்டே வெட்டித் திரும்பும்போது
இடுப்பை எவ்வளவு தாழ்த்துகிறான் என்று
பத்துக்கு மதிப்பெண் போடுவது என் வேலை.

கைகள்: ஏழு.
திருப்பம்: எட்டரை.
அடி வாங்கியும் பந்தை விடாமை: ஆறு.
மழையில் ஆட்டம்: தகவல் போதாது.

ஒரு கிளிப் ஆறு வினாடி.
ஒரு இரவுக்கு நூற்றெண்பது கிளிப்.
உச்சிக் கேமராவில் இருபத்திரண்டு பேரும்
வாணலியில் கிடக்கும் கடுகு.
எது முதலில் வெடிக்கும் என்று பார்த்திருப்பேன்.

பெயர் தரமாட்டார்கள். பெயர் தெரிந்தால் கண் சாயுமாம்.
எண், உயரம், எடை,
நாற்பது கஜம் ஓட நாலு புள்ளி ஆறு ஒன்று.
"இந்த வேகத்துக்கு இவனை எவன் எடுப்பான்"
என்றாள் பக்கத்து இருக்கை எவாஞ்சலின்,
சிப்ஸ் பாக்கெட்டை ஓசையில்லாமல் பிரித்தபடி.

எனக்கும் இது தகுதிகாண் வருடம்.
என் தப்புகளை எண்ண புனேயில் ஒருவர் இருக்கிறார்.
அவர் தப்புகளை எண்ண வேறெங்கோ ஒருவர்.

பிப்ரவரியில் ஓர் இரவு கண்டேன்:
பந்து தனக்கு வரப்போகிறது என்றால் மட்டும்
இடது கையுறையின் பட்டையைப்
பிய்த்து, மறுபடி ஒட்டுகிறான்.
ர்ரக்.
சத்தமில்லாத படம். எனக்குக் கேட்டது.
பின்னோக்கி ஓட்டினேன்.
முப்பத்தொன்றில் இருபத்தொன்பது தரம்.
பந்து வராத ஆட்டங்களில் அந்தக் கை
வராத பஸ்ஸுக்கு நிற்பவன் கைபோல் சும்மா தொங்குகிறது.

படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
அடியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு வெள்ளைப் பெட்டி,
யாரும் எதுவும் எழுதாதது.
எழுதினேன். அழித்தேன்.
இறங்கிப் போய், சைக்கிளில் பிளாஸ்க் கட்டிவரும்
அசாம்காரரிடம் ஒரு டீ.
ஒருத்தன் ஆசையை அவன் கையே காட்டிக்கொடுக்கிறது,
நானும் வேறு கொடுக்க வேண்டுமா.
இரண்டாவது டீக்குச் சில்லறை இல்லை.
மேலே வந்து எழுதிவிட்டேன்.
சம்பளம் கண்ணுக்குத்தானே.

அந்த வாரம் என் பெயருக்கு நேரே ஒரு பச்சைப் புள்ளி.
அவன் பெயருக்கு நேரே என்ன விழுந்ததோ.

ஏப்ரலில் எவாஞ்சலின் எப்படியோ தேடிச் சொன்னாள்:
ஏழு சுற்றிலும் யாரும் எடுக்கவில்லை,
ஒரு அணி மட்டும் முகாமுக்கு வந்து பார் என்றிருக்கிறது.
தொண்ணூறு பேர் போவார்கள்.
ஐம்பத்து மூவர் மிஞ்சுவார்கள்.

பெல்லந்தூர் தண்ணீரில் கேப் அணைந்து நின்ற ஆகஸ்ட் இரவு,
நனைந்த சுடிதாரோடு கோப்பைத் திறந்தேன்.
எண் வேறு, சட்டை நிறம் வேறு.
திரும்பும்போது தாழ்ந்த அந்த இடுப்பு அவனுடையது.
இடது கை முஷ்டியாகித் தொடையோடு ஒட்டியிருந்தது,
ஆணியடித்த மாதிரி.
சொல்லிவிட்டார்கள்.

நான் எழுதிய ஒன்றரை வரி
எத்தனை மேசை தாண்டி, யார் வாய் வழியாகப் போய்
அந்த விரல்களை மடக்கியதோ.
வேறு யாராவதும் கண்டிருக்கலாம்.
எனக்கு மட்டுமா கண்.

மொத்தம் ஐந்து கிளிப். இரண்டில் பந்து வந்தது.
முதலாவதை விட்டான்.
இரண்டாவதை, இருவர் மேலே விழ,
மார்போடு அணைத்துக்கொண்டான்.
கைகள்: ஏழரை.

பிறகுதான் பார்த்தேன்.
அந்த இரண்டிலும், விசிலுக்கு முன்,
வலது குதிகால் புல்லை இரண்டு தரம் அழுத்துகிறது.
மற்ற மூன்றில் இல்லை.
இன்னொரு முறை ஓட்டினேன்.

வெள்ளைப் பெட்டியில் கோடு மின்னிக்கொண்டிருந்தது.
தகவல் போதாது என்று தட்டினேன்.

என்னடி தனியாச் சிரிக்கிறே, என்றாள் எவாஞ்சலின்.
கேப் வந்துடுச்சு, என்றேன்.
வந்திருக்கவில்லை.