விலகிய காரணம்

வலயக் கல்விப் பணிமனை கேட்டிருக்கிறது:
பாடசாலை வரலாறு, ஒரு பக்கத்துக்குள்,
பதினைந்தாம் திகதிக்கு முன்.

'போருக்குப் பின் தொடங்கப்பட்டது' என்று எழுதி
பேனையை நிறுத்தினேன்.
எந்தப் போர் என்று கேட்பார்கள்.

ஜப்பான்காரன் குண்டு போட்ட போர்.
அது முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள்
இரத்மலானையை விட்டுப் போனபோது
விமானத் திடலுக்குப் பின்னால் மிஞ்சியது
பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி
ஒரு தகரக் கொட்டகை,
உள்சுவரில் உடுப்பில்லாத ஒரு பெண்.
அவள்மேல் சுண்ணாம்பு அடித்து
அதன்மேல் அ, ஆ எழுதினார்
முதல் தலைமையாசிரியர் வேதாபரணம்.
மாரியில் சுவர் ஊறும்போதெல்லாம்
ஒரு முழங்கால் தெரியுமாம்.

தென்னந்தோட்டத்தைப் பத்துப் பேர்ச்சாக அறுத்து
தவணைப் பணத்துக்கு விற்ற காலம்.
வீட்டுக்கு முன் ஒரு குரோட்டன்,
பின்னால் ஒரு கிணறு,
ரயில்வே பட்டறைச் சங்குக்கு எழும்பும் ஒழுங்கை.

சேர்வு இடாப்பைத் திறக்கிறேன்.
ஒன்று: குகபாலன். தகப்பன் பட்டறை லிகிதர்.
பத்தொன்பது: தங்கமணி. தகப்பன் தேத்தண்ணிக்கடைக் கோபாலன் நாயர்.
நாற்பத்துமூன்று: மாடத்தி. நகரசபை லயன்.
கடைசிக் கலத்தின் தலைப்பு 'விலகிய காரணம்'.
குகபாலன்: ஐந்தாம் வகுப்புச் சித்தி.
தங்கமணி: கொச்சிக்குப் போனார்.
மாடத்தி: திருமணம்.
அவள் மகள் எழுநூற்றிரண்டாம் இலக்கம்: கப்பல்.
அவ்வளவுதான். கப்பல்.

ஐம்பத்தெட்டில்
ஒரு வரியில் 'யாழ்ப்பாணம்' என்று எழுதி
அடிவரைக்கும் மேற்படி, மேற்படி, மேற்படி.
பாதிப்பேர் அடுத்த தவணையே திரும்பினார்கள்,
அதே பிள்ளைகள், புது இலக்கங்கள்.

சம்பவத் திரட்டில்
எண்பத்துமூன்று யூலை இருபத்திரண்டு, வெள்ளி:
'வரவு 188. குழாய்க்கிணறு பழுது.'
அடுத்த பதிவு செப்டெம்பர் பன்னிரண்டு:
'வரவு 41. குழாய்க்கிணறு இன்னும் பழுது.'

இடையில் நடந்ததை
சிற்றுண்டிச்சாலை நடத்தும் ருஹானி சொன்னாள்.
அவள் தகப்பன் ஜுமாட் இங்கே காவலாளி.
திங்கட்கிழமை மத்தியானம், புகை மணக்கத் தொடங்க,
அலுமாரிப் பூட்டைக் கல்லால் அடித்து உடைத்தார்.
காசுப்பெட்டியைத் தொடவில்லை.
வெண்கல மணியைத் தொடவில்லை.
இடாப்பைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு
தண்டவாளம் ஓரமாக வீட்டுக்கு நடந்தார்.

ஏனென்றால் அதில்
பிள்ளையின் பெயர் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது,
ஒழுங்கையும் வீட்டு இலக்கமும்
குண்டு குண்டான அழகிய கையெழுத்தில் இருந்தன.
அப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான்
வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.
இன்னொன்று கிடைத்திருந்தால் வேண்டாம் என்றிருக்கமாட்டார்கள்.

ஏழு வாரம் அரிசிப்பெட்டியின் அடியில் கிடந்தது.
தையலுக்குள் இன்னும் ஓர் உமி ஒட்டியிருக்கிறது,
நான் எடுக்கவில்லை.
பூட்டு உடைத்த குற்றத்துக்கு
ஜுமாட்டின் சம்பளத்தில் பிடித்தது
பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம்.
அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது.

பிறகு மற்றப் போரும் முடிந்தது.
முல்லைத்தீவிலிருந்து நாலு பிள்ளைகள் வந்தார்கள்,
பத்துப் பேர்ச்சில் எழும்பிய ஒன்பது மாடிகளுக்குத்
தகப்பன்மார் இரவுக் காவல்.
'முன்னைய பாடசாலை' என்ற கலத்தில்
ஒருத்தி தானே எழுதினாள்: மரத்தடி.
எந்த ஊர் மரம் என்று
நான் கேட்கவில்லை.

வலயத்துக்கு நேற்று அனுப்பினேன்:
தொடக்கம் 1946. கட்டடம் இரண்டு.
மாணவர் முப்பத்துநான்கு.
குழாய்க்கிணறு இயங்குகிறது.
அரைப் பக்கத்துக்குக்கூட வரவில்லை.

இன்று காலை ஒரு புது அனுமதி.
தாய் மேசை விளிம்பைப் பிடித்தபடி கேட்டாள்:
"முகவரி கட்டாயமோ, ரீச்சர்?"

பிள்ளையின் பெயரை எழுதினேன்.
பிறந்த திகதியை எழுதினேன்.
முகவரிக் கலத்துக்கு வந்ததும்
பேனை எழுதவில்லை என்று சொன்னேன்.
அவள் என் விரலில் இருந்த ஈர மையைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.