நாற்பத்தொன்று

வெள்ளவத்தையில், புடவைக்கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் வகுப்பு.
ஜன்னலை மூடினாலும் கரையோர ரயில் உள்ளே வரும்;
அது போகும்வரை
என் கணினி சொல்வது எனக்கும் கேட்காது.

வேகமாய்க் கதைக்கும் என் கணினி.
மற்றவர்களுக்கு அது தேங்காய் திருவும் சத்தம்.
எனக்கு: அடைப்புக்குறி திற, பெயர்,
அடைப்புக்குறி மூடு, முக்காற்புள்ளி,
பிறகு
இடைவெளி இடைவெளி இடைவெளி இடைவெளி.
ஒன்று குறைந்தாலும் நிரல் ஓடாது.
நீங்கள் வெறுமையாய்க் காணும் இடத்தை
நான் எண்ணிக் கடக்கிறேன்.

பள்ளியில் சொன்னார்கள்:
கண் தெரியாத பிள்ளை, சங்கீதம் எடுக்கட்டும்.
எனக்குச் சுருதியே சேராது.

துஷ்யந்தன் சேர் நல்லவர்.
வழியில் கிடக்கும் கதிரையை அவரே தள்ளிவைப்பார்.
ஆனால் திரையைக் கண்டதும்,
"இதை எடுத்து இதுக்குள்ள போட்டா
இது இப்பிடி வரும், சரியா?"
சரி என்றது வகுப்பு.
எது, சேர்?
ஷஃப்னா காதுக்குள் சொல்வாள்.
அவளும் எழுத வேண்டுமே,
பாதியில் நின்றுவிடும் அவள் குரல்.

கேட்டுக் கேட்டுப் பார்த்தேன்.
பிறகு ஒருநாள் பாடத்தைப் போனில் பதிந்து,
வீட்டில் எழுத்தாக்கி,
எவரும் தராத கணக்கொன்றுக்கு
என் முதல் நிரலை எழுதினேன்:
ஒவ்வொரு சொல்லாய் எடு.
அது 'இது'வா? 'இதை'யா? 'இதுக்குள்ள'வா?
ஆமென்றால் ஒன்றைக் கூட்டு.

வியாழக்கிழமை ஹெட்போனைக் கழற்றி
வகுப்புக்கே கேட்க ஓடவிட்டேன்.
"நாற்பத்தொன்று" என்றது கணினி,
கோபமோ கேலியோ தெரியாத அதன் குரலில்.
யாரோ சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை.
மார்க்கர் மூடி டக்கென்று விழுந்தது.

அடுத்த வாரம்:
"ஏழாம் வரி. நாலு இடைவெளி உள்ள.
மொத்தம் என்ற மாறியோட விலையைக் கூட்டுங்க."
இடையிடையே மூச்சு வாங்கினார்,
வேற்றுப் பாஷையில் வழி கேட்கிறவர்போல.
பின்வரிசையில் இர்ஷாத்,
இரண்டு கண்ணும் நன்றாயிருப்பவன்,
"ஓ, இதுதானா!" என்றான்.
அதை நான் எண்ணவில்லை.

அன்றைய கணக்கு ஒன்பது.

கீழே புடவைக்கடையில், துணிச்சுருள்களுக்கு நடுவே,
சக்கர நாற்காலியில் கஜவதனன்
அதே பாடத்தைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தான்.
லிஃப்ட் சித்திரையில் நின்றது. இப்போது கார்த்திகை.
படிகள் முப்பத்தாறு.
அதை எண்ண
எனக்கு நிரல் தேவைப்படவில்லை.