காரணம் என்ற கட்டம்

விபத்துப் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்.
நாள், இடம், பெயர், காரணம், இழந்த வேலைநாட்கள்.
நாலாவதுதான் மிகச் சிறியது.
அச்சடித்தவன் அளந்துதான் விட்டிருக்கிறான்:
'கவனக்குறைவு' என்ற ஒரு சொல்
அதில் கச்சிதமாக உட்காரும்.

ஏழு வருஷமாக அதைத்தான் உட்காரவைக்கிறேன்.

லாஸ்பேட்டை மாடித் தோட்டத்தில் ஏணி சறுக்கி
மணிக்கட்டு பிசகிய பச்சையப்பன். கவனக்குறைவு.
காகிதப்பூ முள் ஏறி, விரல் கத்தரிக்காயாக வீங்கியும்
மூன்று நாள் சொல்லாமல் களையெடுத்த அஞ்சலாட்சி. கவனக்குறைவு.
(ஊசி போட்ட நர்ஸ் கேட்டாள், கையுறை என்ன ஆச்சு என்று.
ஐந்து பேருக்கு இரண்டு ஜோடி.
அதை நான் சொல்லவில்லை.)
மருந்தடித்த கையோடு பீடி பற்றவைத்து
ரோஜாப் பாத்தியில் வாந்தியெடுத்த அமிர்தலிங்கம்,
அவருக்கு மட்டும் 'பித்தம்' என்று எழுதினேன்,
அவரே கேட்டுக்கொண்டதால்.

இன்று
சின்ன வீராம்பட்டினம், கடலோர ரிசார்ட்.
சாயங்காலம் வரவேற்பு. பத்து மணிக்கே பந்தல்காரர்கள் வந்துவிடுவார்கள்.
ஐப்பசி மழையை ஒரு வாரம் குடித்த புல்
முழங்கால் உயரம்.
ஈரப்புல் மிஷினின் கவசத்துக்குள் சாணி மாதிரி அப்பிக்கொள்ளும்.
ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்திக்
குச்சியால் நோண்ட வேண்டும்.
நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
தனக்கோட்டி என்னைப் பார்த்தான்.
"அதக் கழட்டிட்டே அடிச்சிடேன்" என்றேன்.
"கண்ணாடி?"
"வேர்வையில புகையேறுதுக்கா. காலும் தெரியல, கல்லும் தெரியல."
"சரி, பாத்து அடி."

பாத்து அடி.
என் கம்பெனியின் மொத்தப் பாதுகாப்புக் கொள்கையும்
இந்த இரண்டு சொல்தான்.

நடைபாதை ஓரம்
யாரோ அழகுக்குக் கொட்டிய வெள்ளைக் கூழாங்கல்.
அதில் ஒன்று.
பட்ட சத்தம் மிஷின் சத்தத்துக்குள் போய்விட்டது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் உட்கார்ந்த விதம்:
மிஷினை அணைத்து,
பெட்ரோல் சிந்தாமல் சாய்த்து வைத்து,
எங்கள் பக்கம் யாரும் வராதபடி ஒரு கையை நீட்டி,
பிறகு உட்கார்ந்தான்.

கவனமில்லாதவன் அப்படியா உட்காருவான்?

டாட்டா ஏஸின் பின்னால், எருமூட்டைகளுக்கு நடுவே
அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அஞ்சலாட்சி.
தவளக்குப்பம், கண் ஆஸ்பத்திரி.
கீழிமைக்குக் கீழே, நாலு தையல்.
"ஒரு நெல்லளவு மேல பட்டிருந்தா" என்று தொடங்கிய டாக்டர்
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
தையல் போட்டு வெளியே வந்தவன் முதலில் கேட்டது:
"அக்கா, மீதிப் புல்ல யாரு அடிச்சா?"

ராத்திரி. பேனா. நாலாவது கட்டம்.
பழக்கத்தில் 'க' என்று எழுதிவிட்டேன்.
எழுதிய 'க'வை வீணாக்கவில்லை.
கவசத்தைக் கழற்றச் சொன்னது நான்.
கட்டத்தைத் தாண்டி
வேலைநாட்களின் இடத்தையும் தின்று
ஓரக்கோட்டில் முட்டி
மடங்கிக் கீழே இறங்கியது என் கையெழுத்து.

காலையில் நேரு வீதியில்
கம்பிவலை வைத்த கண்ணாடி ஆறு வாங்கினேன். புகையேறாதாம்.
கையுறை ஐந்து ஜோடி.
அஞ்சலாட்சி மாட்டிப் பார்த்துவிட்டு
"கொசுவலைக்குள்ளேர்ந்து பாக்குற மாரி இருக்கு" என்றாள்,
கழற்றவில்லை.

ரிசார்ட் மேனேஜர் போன் செய்தார்.
பில்லில் பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று
நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அவர்:
வெட்டாமல் விட்ட அந்தப் பாதியில் நின்றுதான்
பெண்ணும் மாப்பிள்ளையும் படமெடுத்துக்கொண்டார்களாம்.
வெட்டிய பக்கம் யாரும் போகவே இல்லையாம்.