இவனில்லை

என் மகனுக்கு எனெபிஷ் என்று பெயர் வைத்தார்கள்.
எங்கள் மொழியில் ‘இவனில்லை’ என்று பொருள்.
தேடி வருகிற கெட்டது
கூடாரத்து வாசலில் நின்று பெயரைக் கேட்டுவிட்டு
வேறு வீடு பார்த்துப் போய்விடுமாம்.

போகலாம்.
ஆனால் உலான் பத்தூரின் இந்த மேட்டில்
மைனஸ் முப்பதில் எதுவும் நடந்து வருவதில்லை.
அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது,
நடுவீட்டில், நாலு கால் ஊன்றி,
நிலக்கரி தின்றுகொண்டு.

உயாங்காவுக்கு அப்போது பதினோரு மாதம்.
பால் தேநீர் கொதித்த மின்சாரப் பானையைத்
தரையில் வைத்தது நான்தான்.
கதவிடுக்கில் கம்பளியைச் செருகப் போனேன்.
இரண்டு மூச்சு நேரம்.
இப்போது ஏழு வயது. இடது கை முழங்கைவரை
காய்ந்த சேறு போல் சுருங்கியிருக்கிறது.
பள்ளியில் கேட்டால்
ஓநாய் நக்கியது என்கிறாளாம்.

சர்னாய் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.
கேட்டிருக்கலாம்.

இவன் தவழத் தொடங்கிய அன்று
வெல்டிங் பட்டறையிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றி,
நானும் தரையில் குப்புறப் படுத்தேன்.
“குடித்திருக்கிறாயா?” என்றாள்.
இல்லை, இவன் உயரத்திலிருந்து பார்க்கிறேன் என்றேன்.

அங்கிருந்து வீடு வேறு.
மேசைவிரிப்பின் ஓரம், பிடித்து இழுக்கத் தோதாய்.
பானையின் ஒயர், வாலாட்டியபடி.
கட்டிலடியில் எப்போதோ உருண்டுபோன பட்டன் பேட்டரி,
வெள்ளி மிட்டாய்.
அடுப்பின் கதவிடுக்கில் அந்தச் சிவப்பு –
சொன்னால் நம்பமாட்டீர்கள்,
எனக்கே கை நீண்டது.

பானைக்கு என் நெஞ்சுயரத்தில் பலகை அடித்தேன்.
அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி.
முதல் தடவை இடைவெளி அதிகம்,
தலை நுழையும். அறுத்துப் போட்டேன்.
இரண்டாவதில் மூன்று விரல்.
அடுப்பு முழுவீச்சில் எரிய
கம்பியில் அரைமணி நேரம் உள்ளங்கையை வைத்திருந்தேன்.
சுட்டது. ஒரு சாண் தள்ளிப் பதித்தேன்.

பக்கத்துக் கூடாரத்து தம்பீ சிரித்தான்:
“ஒருதரம் சுட்டால் தானே கற்றுக்கொள்ளும் பிள்ளை.
நாமெல்லாம் எப்படி வளர்ந்தோம்?”
நான் வாயைத் திறக்கவில்லை.
உயாங்கா அவனுக்குத் தேநீர் கொண்டுவந்தாள்,
வலது கையில் கிண்ணம்,
மரியாதைக்கு முழங்கையைத் தாங்கிய இடது கை.
சட்டைக்கை கொஞ்சம் விலகியிருந்தது.
கிண்ணத்தையே பார்த்துக் குடித்தான்.

நேற்று எனெபிஷ் வேலியை உலுக்கினான்.
அசையவில்லை.
கத்தினான், எச்சில் தெறிக்க,
உள்ளே உறுமும் நெருப்பைப் பார்த்து.
பிறகு கம்பியைப் பற்றி, முழங்கால் நடுங்க,
முதல்முறையாக
எழுந்து நின்றான்,
கோபத்தில்.