அடிக்குறிப்பு நாற்பத்தொன்று

மூன்றரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டுகிறேன்.
இருநூற்றுப் பத்து மரம்.
பட்டையில் சரிவாய் ஒரு கீறல்,
சிரட்டைக்குள் முதல் சொட்டு விழும் சத்தம்,
அடுத்த மரம்.
ரப்பருக்கு ஏணி வேண்டாம்.
இதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்,
பிறகு வேண்டிவரும்.

பால் எடுப்பதும் ஷீட் அடிப்பதும் அம்மா.
எட்டே காலுக்குக் குலசேகரத்தில் பஸ்.
தக்கலை தாண்டும்வரை கம்பியில் சாய்ந்து தூக்கம்.
நாகர்கோவிலில் இறங்கினால்
விரலிடுக்கில் இன்னும் அந்த வாடை.
முதுகலை வரலாறு, இரண்டாமாண்டு.
பதினொரு பேரில் ஏழு பேர்
போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறார்கள்,
ஒருத்தி கல்யாணத்துக்கு.

தோட்டக்காரர் கூலியை எண்ணித் தரும்போதெல்லாம் கேட்பார்:
"ஹிஸ்டரி படிச்சா
எவன் மக்ளே சோலி தருவான்?"
நானும் நோட்டுகளை எண்ணுவேன்.

என் ஆய்வு பனையேறிகளின் வரி.
ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம்,
காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம்.
குழித்துறையில் ரயிலேறி
திருவனந்தபுரத்து ஆவணக்காப்பகத்தில்
ஒன்பது சனிக்கிழமைகள்.
கோழி கிளறிய மணல் மாதிரி மலையாண்ம எழுத்து.
கொல்லம் ஆண்டோடு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டிக் கூட்டி
பஸ் டிக்கெட்டின் தேதியைக்கூடக்
கழித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

கட்டியவர்கள் பெயரில் எனக்குச் சுவாரசியம் இல்லை.
கட்டாதவர் பெயருக்கு நேரே ஒரு சொல்:
ஓடிப்போயி.
மலையாளத்திலும் அதற்கு ஏறக்குறைய அதே சொல்தான்.
ஒரு பகுதியில் பதினேழு பேர்.
ஏணி இல்லை, குடும்பம் இல்லை, திசை இல்லை.
கணக்கெழுதியவன் கை நோகவில்லை.

அப்பாவின் பெயரைக் கடைசியாக எழுதியது
சீட்டுக்காரர் ரசலையனின் நீல நோட்டு.
அறுபத்திரண்டாயிரம்.
நேரே ஒரு கேள்விக்குறி.
ரேஷன் கார்டில் மட்டும்
ஆறு வருடமாய் வீட்டில் இருக்கிறார்,
மாதாமாதம் அரிசி வாங்குகிறார்.

ஏழாவது சனிக்கிழமை.
ஆயிரத்துப் பன்னிரண்டு, இரணியல் பக்கம்:
கொம்பன் மகன் நல்லமாடன், ஏணி ஒன்று, ஓடிப்போயி.
ஆயிரத்து இருபத்து நான்கு, விளவங்கோடு பக்கம்:
கொம்பன் மகன் நல்லமாடன்,
ஏணி இரண்டு,
கட்டித் தீர்ந்தது.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
எதிர் மேஜையில் யாரோ
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்கள்.

பெல்சி மேடம் சிவப்பு மையில் எழுதினார்:
ஒரே பெயர் ஒரே ஆள் ஆகாது.
அப்பன் பெயர் ஒன்றானாலும்.
ஆதாரம்?
அவர் சொல்வது சரிதான்.
அந்தக் காலத்தில் இங்கே கல்லை எறிந்தால்
ஏதாவது ஒரு நல்லமாடன் தலையில்தான் விழுந்திருக்கும்.
மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டரைப் பக்கம் ஓடியவனை
கழுத்தைப் பிடித்துக் கீழே இறக்கினேன்,
பத்துப் புள்ளி எழுத்தில்,
ஒரு வரியாய்:
"இருவரும் ஒருவராகவே இருக்கக்கூடும்."

வாய்மொழித் தேர்வுக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்
அந்த இடத்தில்தானா விரலை வைக்க வேண்டும்.
"அதென்ன, இருக்கக்கூடும்?"
"ஓடினவங்க எங்கேயாவது
போய்ச் சேர்ந்திருக்கணுமே சார்."
அது பதில் இல்லை, எனக்குத் தெரியும்.
அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.
பிறகு நூற்பட்டியலில்
ஒரு கால்புள்ளி விட்டுப்போனதைக் காட்டினார்.

வடசேரியில் பைண்டிங் செய்த நாலு பிரதியில்
ஒன்று எனக்கு.
ராத்திரி அம்மா கை துடைத்துவிட்டு வந்து
அட்டையைத் தடவினாள்.
"இவ்வளவு கட்டிக்கு என்னத்தட்டி எழுதியிருக்கே?"
முகவுரையை விட்டேன், முடிவுரையை விட்டேன்,
நாற்பத்தொன்றை மட்டும் வாசித்தேன்.
ஓடினது, பன்னிரண்டு வருசம்,
ஏணிக் கணக்கு எல்லாம் சொன்னேன்.

அவள் யோசித்தது
கழுவிக் கவிழ்த்த சிரட்டைகளைப் பார்த்து.

"ஒரு ஏணி அவனுக்கு.
ரண்டாவது ஆருக்கு?"

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை
என்று சொன்னேன்.
விளக்கைச் சார்ஜில் போட்டுவிட்டு
மூன்றேகாலுக்கு அலாரம் வைத்தாள்,
கால்மணி நேரம் முன்னால்.