நடுச்சொல்

கப்பலின் மூக்கில் இரண்டு பெயர்கள்.
இருநூறு வருடத்துக்கு முன்னால் ஆற்றோடு போய்
மேற்குக் கடலைப் பார்த்துத் திரும்பியவர்கள்.
நடுவில் ‘அண்ட்’ என்று ஒரு பொடிச்சொல்.
அதைப் பற்றவைத்தவள் ஒஃபீலியா பர்ரியென்டோஸ்.

பெயர்கள் சீனியர் வெல்டர்களுக்குப் போய்விட்டன.
மிச்சம் மூன்றெழுத்து: ஏ, என், டி.
இடுப்புயரம் ஒவ்வொன்றும்.
தொங்கும் கூடையில் ஒன்றரை நாள்,
முகமூடிக்குள் பச்சை இருட்டு.
சான் டியேகோ விரிகுடாக் காற்று
பொறியைக் கையுறைக்குள் தள்ளியது.
டியின் வயிறு வளையும் இடத்தில்
மணிக்கட்டில் ஒரு கொப்புளம்.

அவள் வீட்டு ஸ்பானியத்தில் அந்தச் சொல் ஓர் ஒற்றை ‘இ’,
மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும்.
நான் எழுதும் மொழியில் அதற்குத் தனி உடம்பே இல்லை.
பெயர்களின் வாலில் ‘உம்’ என்று தொற்றிக்கொள்ளும்:
இவரும் அவரும்.
ஒருவருக்கு மட்டும் ஒட்டிப் பாருங்கள்,
‘அவரும் வந்தார்’.
உடனே வாசலில் வேறு காலடிகள் கேட்கும்.

வந்துதான் இருந்தார்கள்.
துடுப்பு வலித்துத் தோள் வீங்கியவர்கள்.
விலைக்கு வாங்கப்பட்டதால் கூலியில்லாமல் நடந்த ஒருவர்.
முதுகில் கைக்குழந்தையோடு,
எந்தக் கிழங்கைத் தின்னலாம் என்று தெரிந்த ஒருத்தி.
அப்புறம், கண்டுபிடிக்கப்பட்ட கரையில்
அன்றைக்கும் மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள்.
இலக்கணத்தில் இதற்கு எச்சவும்மை என்று பெயர்.
கப்பல் கட்டுந்தளத்தில் பெயர் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம்.
கொடி, பித்தளை வாத்தியம், மடக்கு நாற்காலி.
தொழிலாளிக் குடும்பத்துக்கு நான்கு அனுமதிச்சீட்டு,
அதுவும் கிரேனுக்குப் பின்னால்.
மகன் எஃப்ரயின் கேட்கிறான்:
‘இது எதைக் கண்டுபிடிக்கப் போகுது?’
‘ஒண்ணுமில்லை. வெங்காயமும் கொண்டுபோகும்.’

அவள் ஸ்பானியத்தில் சொன்னது வெறும் வெங்காயம்தான்.
உம் நான் சேர்த்தது.
உறைந்த கோழி, டாய்லெட் காகிதம், பல்வலி மாத்திரை,
பிறந்தநாள் முடிந்தபின் போய்ச்சேரும் கடிதங்கள்,
இவற்றுக்காக என்று சொல்லிவிடலாம்.
பீரங்கிக் குண்டுக்காகத்தான் சேர்த்தேன்.
அவளுக்கும் தெரியும். பையன்
ஐஸ் தின்றுகொண்டிருந்தான்.

யாரும் போகாத இடத்துக்கு இந்தக் கப்பல்
ஒருநாளும் போகப்போவதில்லை.
ஆட்கள் காத்திருக்கும் இடத்துக்குப் போகும்.
நடுக்கடலில் வேறொரு கப்பலின் விலாப்பக்கம் வந்து,
கயிறு எறிந்து, கொடுத்துவிட்டு, விலகும்.

ஷாம்பெயின் பாட்டில் முதல் வீச்சில் உடையவில்லை.
சிரிப்பு. இரண்டாவதில் நுரை.
அடியில் எங்கோ ஒரு பிடி விடுபட்டது,
கிரீஸ் கருகும் வாடை,
ஒரு தெருவே நகர்வதுபோல் நகர்ந்தது.

நான் அதுவரை யோசித்ததில்லை:
அந்தத் தளத்தில் கப்பல் கடலுக்குள் போவது பின்னோக்கி.
தெரியாத தண்ணீருக்கு முதுகு காட்டி,
கட்டியவர்களையே பார்த்துக்கொண்டு.
இரண்டு பெயர்களும் எங்களை நோக்கி
விலகிக்கொண்டே போயின.

‘உன் எழுத்து எது அம்மா?’
கொரனாடோ பாலத்துப் பக்கம் இழுவைப்படகுகள் சேர்ந்திருந்தன.
அவ்வளவு தூரத்தில் முதலில் மங்கியது அதுதான்.
பெயர்கள் இரண்டும் ஒட்டி
ஒரே ஆளின் நீளப் பெயர்போல் ஆகிவிட்டன.
அவள் கை நீட்டிக் காட்டத்தான் செய்தாள்.
அவனும் பார்த்துவிட்டதாகத் தலையாட்டினான்.

அனுப்பிய தண்ணீர் அலையாகத் திரும்பி
முன்வரிசை ஷூக்களை நனைத்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணி.
சரிவில் நொறுங்கிய மர ஆப்புகள், ஒரு பெலிக்கன்.
புது இரும்புத் தகடுகள் வந்து இறங்கியிருக்கின்றன,
இப்போதைக்கு எண்கள் மட்டும்.
அடுத்த கப்பலுக்கு ஒரே ஒரு பெயராம்.
யாருடையது என்று
இன்னும் சொல்லவில்லை.